வானத்து முறை

கிட்ட வாருங்கள் கண்ணுகளே. கதவிடுக்கில் வரும் குளிர் முதுகில் படாதபடி இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். கையில் வரக்காப்பி இருந்தால் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது ஆகாயத்தைப் பங்கு போட்ட கதை. ராசாவும் தேவரும் இதில் வரமாட்டார்கள். ஒரு மாமனாரும் ஒரு மருமகளும் வருவார்கள், அவர்கள் ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு தட்டு வரும்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படித் தேவனூர் நாட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து மிளகுக் காட்டுக்குள் இறங்கி, பள்ளத்து வயலைத் தாண்டி ஏறினால் அர்த்தனாரியின் ஊடு. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், நிறம் தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இளங்கோ ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட ஆப்பிரிக்காவுக்குப் போனவன். மலையிலிருந்து அந்த வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். ஊட்டில் மிச்சம் மருமகள் சுமித்ராதான். மிளகு பறிப்பதும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்குவதும், மாமனார் கையைப் பிடித்து வயலுக்கு இறக்குவதும் ஏற்றுவதும் அவள்தான்.

அந்த ஊரில் போன் எடுக்காது. செல்போன் கோபுரம் எட்டாத இடம். பாதி மலையாவது இறங்கினால்தான் எடுக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்தே இணையம் இறக்கிப் பார்ப்பதாக ஒரு நிறுவனம் வந்தது. மற்ற வீடுகளின் தலைக்குமேல் பலாவும் சில்வர் ஓக்கும் கவிந்து நின்றன. அர்த்தனாரி ஊட்டுக்கு மேலேதான் மறைப்பில்லாத வானம். ஆகவே முறத்தளவு வெள்ளைத் தட்டு அந்த ஓட்டின்மேல் ஏறியது. உள்ளே சுவரில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தால் இணையம் உண்டு. சிவப்பென்றால் இல்லை. அந்தப் பெட்டியோடு முடிச்சுப் போட்ட ஒரு போனையும் சுமித்ராவிடம் கொடுத்தார்கள். அவளுடைய பழைய எண்ணையே அதில் போட்டுக்கொண்டாள்.

பச்சை எரிந்த மாதங்களில் அந்த ஊடு எப்படி இருந்தது என்கிறீர்கள்? களி கிண்டிக்கொண்டே சுமித்ரா போனை அடுப்படிச் சுவரில் சாய்த்துவைப்பாள். அதில் இளங்கோவின் முகம். அவனுக்குப் பின்னால் செம்மண்ணும் முள்மரமும். அங்கே அவர்கள் முகாமிலும் இதேபோல ஒரு தட்டுத்தானாம். "அப்பா, களிக்கு என்னங்க சாறு?" என்பான். "அவரக்கொட்டைடா" என்பார் இவர். "ஊதி விடுங்க, வாசம் வரட்டும்" என்பான்.

கடைசியாகப் பேசிய அன்று அவன் சிரிக்கவில்லை. துளை போடும்போது கிளம்பும் கல்தூசி அவன் நெஞ்சில் இறங்கியிருந்தது. ஒரு பேச்சுக்கு ஒரு இருமல்.

"பொங்கலுக்கு முந்தி வண்டி இன்னொரு நாட்டுக்குப் போகுது சுமி. கூடப் போனா புது ஒப்பந்தம். முடியற வரைக்கும் ஊருக்கு வர முடியாது, பாஸ்போட்டு கம்பெனிக்காரங்க கையில. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போட்டு வந்தர்லாம். ஊட்டுல என்ன சொல்றீங்களோ அதான்."

"இருமிட்டே கேக்கறயே, நான் என்னத்தச் சொல்றது?"

"அப்பனையும் கேட்டுக்க. உன்ற வாயால சொல்லு. என்னய இங்க அனுப்புன சேந்தமங்கலத்து ஏஜெண்டு சொல்லி அனுப்பறதையெல்லாம் நான் நம்ப மாட்டேன். போன தடவை ஒருத்தனுக்கு, உன் பொண்டாட்டி இருக்கச் சொன்னான்னு பொய்யி சொல்லி நிறுத்திப்போட்டான். உன்ற போன்ல உன்ற குரலக் கேட்டாத்தான்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் சுமித்ரா.

மாமனாரைக் கேட்டாள். "வரச்சொல்லு கண்ணு. நெஞ்சு கெட்டுப்போனா எந்த நாட்டுல தண்ணி வந்து என்ன?" என்றார் அவர். நாளையும் வந்தது. விளக்குத்தான் சிவப்பாகிவிட்டது.

தட்டு வைத்த நிறுவனத்தில் மோனிஷா என்று ஒரு பெண். சமவெளிக்காரி, நல்ல பிள்ளை. அன்று மத்தியானமே ஜீப்பில் வந்து நின்றாள். சோதனைக் காலம் முடிந்துவிட்டது, அரசாங்கத்திடமிருந்து நிரந்தர அனுமதி வரவில்லை என்றாள். போகும்போது அவள் சொன்ன சொல்தான் இந்தக் கதையையே திருகிவிட்டது.

"முறையா வரணும் தாத்தா. வந்துட்டா விளக்கு தானா எரியும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தட்டை மட்டும் நகர்த்திடாதீங்க."

முறையாக வர வேண்டும் என்று படித்தவர்கள் சொன்னால் சட்டப்படி, விதிப்படி என்று பொருள். அந்த மலையில் முறை என்றால் ஒன்றே ஒன்றுதான். ஓடையிலிருந்து பள்ளத்து வயல்களுக்குத் தண்ணீர் பாயும் முறை. இன்றைக்கு உன் வயல், அடுத்து அவன் வயல். தொடங்குவது கடைசி வயலிலிருந்து. ஏனென்றால் மேல்வயல்காரன் எப்படியும் கசிவில் பிழைத்துக்கொள்வான். அந்த முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முறை வரும் ஊட்டில் ஆள் இருக்க வேண்டும். கூப்பிடும்போது குரல் கொடுக்க ஆளில்லாவிட்டால் மடையை அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார்கள். பிறகு போய்க் கேட்டால், "நீதான் இல்லையே" என்பார்கள். அதற்குமேல் எந்தக் கூட்டத்திலும் பேச்சு கிடையாது.

அர்த்தனாரி அதைத்தான் பிடித்துக்கொண்டார். வானத்திலிருந்து வருவதற்கும் முறை இருக்கிறது, நம் முறை முடிந்தது, சுற்றி மறுபடி வரும், வரும்போது ஊட்டில் ஆளில்லை என்றால் போச்சு. சுமித்ராவுக்கும் அது சரியென்றே பட்டது. அவளும் அந்த மலையில் பிறந்தவள்தானே.

அன்றிலிருந்து அவள் ஊட்டைவிட்டு அசையவில்லை. மாமனாருக்கு நிறம் தெரியாதே, விளக்கைப் பார்க்க அவள்தான் இருக்க வேண்டும். மிளகு பழுக்கத் தொடங்கியிருந்தது. ஊட்டுக்கு எட்டிய கொடிகளில் மட்டும் ஏணி சாய்த்து ஏறுவாள். இடுப்பில் பை கட்டி, ஒரு கையால் மரத்தை அணைத்து, மறுகையால் சரம் சரமாகக் கிள்ளுவாள். தூரத்துக் கொடிகளில் பழுத்தது உதிர்ந்து குருவிக்குப் போயிற்று. மார்கழி மூட்டம் மத்தியானம்வரை விலகாது. களத்தில் காயப்போட்ட மிளகு காயாமல் பூசணம் பிடிக்கும். அதைக் கையால் அளைந்துவிடுவாள், உள்ளே ஓடுவாள், விளக்கைப் பார்ப்பாள், வெளியே வருவாள்.

"அம்மிணி, பச்சையா செவப்பா?"

"செவப்புங்க மாமா."

கொஞ்ச நேரம் போகும். "இப்பங்?"

"இப்பவும் அதேதானுங்க."

"கண்ணத் தொடச்சிட்டுப் பாரு."

"எனக்கா புரை, உங்களுக்கா?" என்பாள். கிழவர் சிரிப்பார்.

பக்கத்து ஊட்டுக் கலைமணிக்கு இதையெல்லாம் கண்டால் வாய் நிற்காது. சனிக்கிழமை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு புறப்பட்டவள் வாசலில் நின்றாள்.

"ஏனுங் மாமா, வானத்துக்குக் காவல் இருக்கறீங்களாக்கும்? அது எங்கயும் ஓடிப்போவாதுங்க."

"உன்ற சோலியப் பாத்துட்டுப் போ."

"சோலியத்தான் பாக்கறேன். சுமித்ரா, எங்கூடக் கெளம்பு. சந்தையில போன் எடுக்குது. ஒத்த வார்த்தை சொல்லிப்போட்டு அடுத்த வண்டிக்கு வந்தர்லாம்."

சுமித்ரா மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையாட்டவில்லை.

"போற நேரத்துல முறை வந்தா?"

"வந்தா வரட்டுமே!"

"மடையில கூப்புட்டு ஆளில்லீன்னா என்னாவும்னு உனக்குத் தெரியாது? அங்க அவனும் தட்டுக்கு முன்னாலதான் உக்காந்திருப்பான். இவ சந்தையில நின்னுட்டு எந்தத் தட்டுக்குப் பேசுவா?"

"அப்ப போனையாச்சும் குடுங்க."

"பெட்டிக்கும் அதுக்கும்தான் முடிச்சு. அது போனா விளக்கு ஆருக்கு எரியும்?"

"நல்லா முறை கண்டீங்க. கடைசி வயல் முதல்னு வாய் நெறையச் சொல்லுவீங்க, போன வருசம் எங்க வயல் வெடிச்சுக் கெடந்தப்ப உங்க ஊட்டு வாழைக்குத் தண்ணி போச்சுங்களே, அது எந்த முறைங்க?"

"அது கசிவு."

"கசிவுல வாழை குலை தள்ளுதாக்கும்!" என்று மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள் சுமித்ரா. பாதை திறந்துதான் கிடந்தது. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. ஆனாலும் அந்த நாளெல்லாம் அவளுக்கு ஊட்டின் நாலு சுவரும் ஒரு அடி உள்ளே நகர்ந்துவிட்டது போலிருந்ததாம். போனால் முறை தப்பிவிடும். இருந்தால் பொங்கல் நெருங்குகிறது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், வந்துரு. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டே சாமைச் சோறு வடித்தாள், வைத்துக்கொண்டே படுத்தாள். சில நேரம் ஏணிமேல் நின்று மிளகுக் கொடியைப் பார்த்து அதைச் சொல்லிப் பார்ப்பாள். குரல் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டுமே. அழுகிற மாதிரி வந்தால் அவன் பயந்துவிடுவான்.

போகிப் பண்டிகைக்கு முன்னே ஒரு காலை ஜீப் சத்தம் கேட்டது. மோனிஷா. கையில் திருப்புளி, கூட ஏணியோடு ஓட்டுநர்.

"முறை வந்திருச்சுங்களா கண்ணு?" என்று வாசலுக்கே போய்விட்டார் அர்த்தனாரி.

அவள் முகம் சுருங்கியது. "இல்ல தாத்தா. தட்டைக் கழட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. அனுமதி இல்லாத கருவி வெளியில இருக்கக் கூடாதாம்."

சுமித்ரா கிழங்கு வேகவைத்து இறக்கியிருந்தாள். மிளகாய்த் துவையல் வைத்து ஒரு தட்டில் போட்டு அவர்களுக்கு முன்னால் வைத்தாள். மோனிஷா கிழங்கை விண்டாள். வாயில் வைக்கவில்லை.

"ஏங்கண்ணு, கேக்கறேன்னு கோவிச்சுக்காத. நம்மூர் முறையக் கவுண்டன் சொல்றாப்பல, வானத்துக்கு முறை சொல்ற கவுண்டன் ஆரு?"

"அப்படி ஒருத்தர்னு இல்ல தாத்தா. உலகத்து நாடெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. மேல சுத்துறதுக்கெல்லாம் பாதையும் அலைவரிசையும் ஒண்ணோட ஒண்ணு மோதாம பங்கு பண்ணணுமில்ல? அதை அங்கதான் பேசுவாங்க."

"பங்குன்னா எப்புடி? எந்த வயல்ல தொடங்குவாங்க?"

"பெரும்பாலும் யார் முன்னாடி பதிஞ்சாங்களோ அவங்களுக்குத் தொந்தரவு இல்லாம பின்னாடி வர்றவங்க ஒதுங்கிக்கணும்."

"முந்துனவனுக்கா?" கிழவர் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டார். "அப்ப ராக்கெட்டு வுடறதுக்குத் தெம்பில்லாத நாடு?"

"அதுக்காகச் சில எடங்கள ஒதுக்கி வெச்சிருக்காங்க. போதாதுன்னு அந்த நாடுகள் சண்டை போடுது. வருசக்கணக்கா பேச்சு நடக்குது. நம்ம ஊட்டுப் படத்தைக்கூட அங்க ஒரு கூட்டத்துல போட்டுக் காட்டினாங்க, கடைக்கோடி ஊருக்கும் எட்டும்னு."

"என்ற ஊட்டையா? எல்லாரும் பாத்தாங்களா?"

"பார்த்தாங்க."

"பாத்துப்போட்டு?"

மோனிஷா சுமித்ரா பக்கம் திரும்பினாள். சுமித்ராதான் கேட்டாள்.

"அவரு இருக்கற முகாமிலயும் ஒரு தட்டு இருக்குதுங்களே. அது மேல சுத்தறதுதானே? எங்க ஊட்டுக்கு மேல ஓடறதே அங்கயும் ஓடுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அனுமதி வேணும்னு அதுக்கு ஆரு சொன்னா?"

"மேல ஓடறதுக்கு எல்லை இல்லக்கா. கீழ இறங்குறதுக்குத்தான் எல்லை. ஒவ்வொரு மண்ணுலயும் அந்தந்த அரசாங்கம் சரின்னு சொல்லணும். அவங்க தட்டு பக்கத்து நாட்டுல வாங்கினதா இருக்கும், எல்லை தாண்டிக் கொண்டுவந்திருப்பாங்க. அந்த அரசாங்கம் அடைக்கச் சொன்னா கம்பெனிக்காரன் அடைச்சிடுவான். இப்ப நிறைய இடத்துல அப்படித்தான் நடக்குது."

"அப்ப அங்கயும் செவப்புத்தானா?"

"இருக்கலாம்க்கா."

"எதுக்குங்க இந்தச் சரியும் கிரியும்? தண்ணி வந்தா வயலுக்கு வரட்டும்னு வுட்டுர வேண்டியதுதான?" என்றாள் சுமித்ரா.

"அப்படி விட்டுட்டா, தூரத்துல உக்காந்திருக்கிற ஒரு முதலாளி நெனச்சா திறப்பான், நெனச்சா மூடுவான். நம்ம பேச்சு யார் காதுல போகுதுன்னும் தெரியாது. அனுமதின்னு ஒண்ணு வேணும்தான். ஆனா அது வர்ற வரைக்கும் உங்கள மாதிரி ஊர் என்ன பண்ணும்னு கேட்டா, எங்கிட்ட பதில் இல்ல."

அர்த்தனாரி தரையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சரி, சங்கம் பேசட்டும், சர்க்காரு பேசட்டும். நம்ம முறை எப்பங் கண்ணு வரும்? நீதான சொன்ன, முறையா வரும்னு."

"முறையான்னா… சட்டப்படின்னு சொன்னேன் தாத்தா. முறைப்படி அனுமதி வாங்கின பிறகுன்னு."

"சுத்தி வராதா?"

"சுத்தி வர்றதுன்னு ஒண்ணும் இல்ல. நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

அவர் சொன்னார். கடைசி வயலையும் மடையையும் கூப்பிடும் குரலையும், ஆளில்லாத ஊட்டையும் சொன்னார். மோனிஷா கேட்கக் கேட்க எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப இத்தனை நாளும் அக்கா கீழ எறங்கவே இல்லையா? நீங்க ஊட்டுல இருந்தாலும் இல்லாட்டியும் இது எரியாது தாத்தா. ஐயோ, ஒரு நாள் கீழ போயிருந்தா…" என்றவள் சுமித்ரா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மேலே ஓட்டுநர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அர்த்தனாரி சுவரைப் பிடித்து எழுந்தார்.

"போ கண்ணு. இப்பவே போ. ஓடு. என்னய நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குச் சோறு?"

"சோறு கெடக்குது. கலைமணியக் கூப்புட்டுச் சொல்லிட்டுப் போ."

கலைமணி வந்தாள், அன்றைக்கு ஒரு குத்தலும் சொல்லவில்லை. "சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கறேன். இருட்டுனா என்ற ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வந்துருவாரு, நான் அங்க இருந்தாகோணும். அதுக்குள்ள வந்துரு" என்றாள். மோனிஷாவுக்கு இன்னும் மேலே ஒரு ஊரில் தட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. பஸ் நிற்கும் இடம்வரை மட்டும் ஜீப்பில் கொண்டுவந்து விட்டாள். "மன்னிச்சிருங்கக்கா" என்றாள். சுமித்ரா அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவில் மூட்டம் சட்டென்று விலகிச் சமவெளி தெரிந்தது. அவள் மடியிலிருந்த போன் துள்ளியது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். இந்த எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள் என்று. எல்லாம் ஒரே எண். கடைசியில் ஒரு குரல் செய்தி, நேற்று அனுப்பியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"வளைவுல நிக்காதும்மா" என்றார் கண்டக்டர்.

"செத்தாலும் பரவால்லீங்க, நிறுத்துங்க!"

வண்டி வளைவைத் தாண்டி நின்றது. இறங்கி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். அடுத்த வளைவுக்குப் போனால் எடுக்குமோ எடுக்காதோ என்ற பயம்.

"சுமி, டவுனுக்கு வந்திருக்கறேன்" என்றான் இளங்கோ. பின்னால் லாரி சத்தம். "முகாம்ல தட்ட அடச்சுப்போட்டாங்க. லீவு வுடறப்பல்லாம் வந்து கூப்புட்டேன், மணியே அடிக்கல. நீ வேண்டாம்னு நெனச்சிருந்தா எப்படியாச்சும் கீழ எறங்கி வந்து சொல்லியிருப்ப. உன்னய எனக்குத் தெரியும். நீ சொல்லல. சரி, கூப்புட்டு ஆளில்லீன்னா அடுத்த வயலுக்குன்னுதான அர்த்தம்? நான் கையெழுத்துப் போட்டுட்டேன். கோவிச்சுக்காத. அப்பனுக்குக் கண்ணு காட்டு. நாளைக்கு வண்டி எல்லை தாண்டுது." அப்புறம் இருமல். இருமல் முடியும்முன்னே செய்தி முடிந்துவிட்டது.

அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டாள். அதே பெண் குரல், அதே சொல். கடைசியில் குரல் செய்திப் பொத்தானை அழுத்திப் பேசினாள். ஏணிமேல் நின்று பழகியதெல்லாம் எங்கோ போய்விட்டது.

"வந்துரு. நான் மடையிலதான் இருந்தேன். இத்தன நாளும் அங்கயேதான் இருந்தேன். கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவால்ல, வந்துரு."

அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. அவன் போனில் போய் இறங்கினால் இரண்டாவது விழும்.

காற்று பள்ளத்திலிருந்து ஏறி அடித்தது. குரங்கு ஒன்று வந்து அவள் மடியில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிற்று. கீழே போகும் வண்டி ஒன்று நின்று பார்த்துப் போயிற்று. கீழே போனால் அங்கே இரவு தங்க வேண்டும், மேலே கண் தெரியாத மனிதர் தனியாக. மேலே போனால், அவன் கேட்டவுடன் திருப்பிக் கூப்பிடுவானே, அந்த மணி யார் காதில் அடிக்கும்? வெயில் மஞ்சளாகி, மூட்டம் திரும்ப ஏறத் தொடங்கியது. ஒரு டிக்தான்.

அவளை இறக்கிவிட்ட அதே பஸ் சேந்தமங்கலம் போய்த் திரும்பி மேலே ஏறி வந்தது. கண்டக்டர் படியிலேயே தொங்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, இன்னும் இங்கயேவா இருக்கற? இதுக்கப்பறம் மேல வண்டி கெடையாது. ஏறு."

அவள் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கீழ போறதுன்னா பின்னாடி லாரி வருது, சொல்லி ஏத்திவுடறேன். எங்க போகோணும் உனக்கு? மேலயா, கீழயா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சுமித்ரா மேலே பார்த்தாள், மூட்டம். கீழே பார்த்தாள், விளக்கு எரியத் தொடங்கிய ஊர்கள்.

"நான் எங்கீங்க போறது? இங்கதானுங்க எடுக்குது" என்றாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் முனகிக்கொண்டு வளைவில் ஏறி மறைந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளே. போய் வாருங்கள். உங்கள் ஊட்டிலிருந்து தூரம் போனவர்கள் காதில் நீங்கள் சொன்னது சொன்ன அன்றே விழட்டும். அவர்கள் சொல்வது உங்களுக்குச் சிந்தாமல் வந்து சேரட்டும். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்துக்கு ஊட்டு மனிதர் எல்லோரும் உள்ளே இருக்கட்டும். நல்லா இருங்க சாமி.